திருச்சிக்கு ஒரு புள்ளி

மன்னார்புரம் ரவுண்டானாவிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இன்வர்ட்டர், பேட்டரி கடை வைத்திருக்கும் பெஞ்சமினைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இன்வர்ட்டர் கத்துகிறது என்று எந்த வீட்டிலிருந்து போன் வந்தாலும், மழையோ வெயிலோ, போய் நிற்பான். பழைய பேட்டரியைப் புதுசு என்று யார் தலையிலும் கட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாகப் பாடுவான். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு வியாதிதான். அந்த வியாதியின் பெயர் அரவிந்தன்.

அரவிந்தன் பாலிடெக்னிக்கில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். படித்து முடித்ததும் ஸ்ரீரங்கத்தில் அப்பாவின் மெடிக்கல் ஷாப்பைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான். இருவரும் சிநேகிதர்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்காவிட்டால் இருவருக்குமே ஆகாது. ஆனால் அந்தச் சிநேகிதத்துக்குள் பெஞ்சமின் பட்ட பாடு பெஞ்சமினுக்குத்தான் தெரியும்.

பெஞ்சமின் ராத்திரி பகலாகப் படித்து வகுப்பில் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்த அரவிந்தன் பரீட்சைக்கு முந்தின நாள் சினிமாவுக்குப் போயிருந்தான். கேரம் போட்டியில் பெஞ்சமின் ஃபைனல் வரைக்கும் வந்தான். எதிரில் வந்து உட்கார்ந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வருஷக்கணக்காக யோசித்து ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி, அதைக் காட்ட ஸ்ரீரங்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால், அங்கே வாசலில் மாலை போட்ட புதுக் கார் நின்றது. "நேத்துதான்டா எடுத்தேன். நானே உனக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன்" என்றான் அரவிந்தன். அவன் போட்டி போட்டிருந்தால்கூடப் பெஞ்சமின் சமாதானமாகியிருப்பான். போட்டியே போடாமல் ஜெயிப்பவனை என்ன செய்வது?

அப்படி இருந்தவனுக்கு ஒன்று கிடைத்தது. கடையில் ஆள் வராத மத்தியான நேரங்களில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் பிட்காயின் நோட் என்ற சமாச்சாரத்தில் போய் விழுந்தான்.

நோட் என்றால் வேறொன்றுமில்லை, வீட்டில் ஓடும் ஒரு சின்ன கம்ப்யூட்டர். உலகத்தில் எங்கே யார் யாருக்குப் பிட்காயின் அனுப்பினாலும் அந்தக் கணக்கு முழுவதின் நகலையும் தன்னிடம் வைத்திருக்கும். புதிதாக வருவது சரியா தப்பா என்று தானே சரிபார்க்கும். சரியென்றால் மற்றப் பெட்டிகளுக்குக் கடத்தும். பிட்காயினுக்கு ஹெட் ஆபீஸ் கிடையாது, இப்படி ஆயிரக்கணக்கான வீடுகளில் ஓடும் பெட்டிகள்தான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. பெட்டி வைத்திருப்பவனுக்கு இதில் நயா பைசா வருமானம் கிடையாது. பெஞ்சமினிடம் பிட்காயினும் கிடையாது. கோயில் குளத்தில் தூர் வாரப் போகிறவன் மாதிரி ஒரு சேவை, அவ்வளவுதான்.

மினி கம்ப்யூட்டரும் பெரிய டிஸ்க்கும் வாங்கி, படுக்கையறை அலமாரியில் வைத்தான். பழைய கணக்கெல்லாம் இறங்கி முடிய வாரக்கணக்கானது. அத்தனை நாளும் அதற்குச் சூடு ஏறாமல் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருந்தான். "எனக்குப் பிரசவமானப்பகூட இப்படிக் காத்து வீசினதில்ல நீங்க" என்றாள் அவன் மனைவி பெலிண்டா. இன்வர்ட்டர் லைனில் மாட்டியிருந்ததால் கரண்ட் போனாலும் பெட்டி நிற்காது. வீட்டில் மின்விசிறி நின்றாலும் அது ஓடும்.

இறங்கி முடிந்த அன்று, ஓடும் நோட்களையெல்லாம் ஊர்வாரியாகக் காட்டும் ஒரு மேப்பை இன்டர்நெட்டில் திறந்தான். உலகமெங்கும் புள்ளிகள். தமிழ்நாட்டைப் பெரிதாக்கினான். சென்னையில் கொத்தாகச் சில, கோயம்புத்தூரில் சில. நடுவில் திருச்சிராப்பள்ளி என்று எழுதி ஒரே ஒரு புள்ளி. பெஞ்சமின் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். புள்ளியைத் தொட்டால் அதற்குரிய நெட் முகவரி எண் வரும். அது தன்னுடையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றவேயில்லை. தன் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை எவனாவது சரிபார்ப்பானா?

அன்று சாயங்காலமே அரவிந்தனை டீக்கடைக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னான். "மொத்த திருச்சிக்கும் ஒன்னே ஒன்னுடா மாப்ள. அது நம்ம வீட்ல ஓடுது" என்றான். அரவிந்தன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, "சூப்பர்டா" என்றான். அவன் முகம் மாறியதைப் பெஞ்சமின் கவனித்தான். பொறாமை என்று அதற்குப் பெயர் வைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அரவிந்தனுக்கு வயிறு எரிகிறது என்று நினைத்தபோது, குடித்த டீயே தேனாக இனித்தது.

இரண்டு வருஷம் அந்த இனிப்பிலேயே ஓடியது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும் வீடுகளில்கூட மேப்பை எடுத்துக் காட்டுவான். தன்னோடு படித்தவர்களெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர் சுடலைமுத்துவிடம் அவனாகவே போய்ப் பேசி, இந்த வருஷக் கூட்டத்தில் தனக்கென்று ஒரு இடம் வாங்கிவிட்டான். 'திருச்சியின் ஒரே பிட்காயின் நோட்: ஓர் அறிமுகம், பேசுபவர் திரு. பெஞ்சமின்' என்று அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. மேடையில் பெரிய திரையில் மேப்பைத் திறந்து புள்ளியைக் காட்டுவது, பிறகு பொன்னாடை. அரவிந்தன் கீழே உட்கார்ந்து கைதட்டுவான். அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துப் பார்த்தே பெஞ்சமின் கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டான்.

கூட்டத்துக்கு மாதம் ஒன்று இருக்கும்போது அரவிந்தன் வீட்டு இன்வர்ட்டர் கத்துகிறது என்று போன் வந்தது. பெஞ்சமின் டிஸ்டில்ட் வாட்டர் கேனோடு ஸ்ரீரங்கம் போனான். பேட்டரியைச் சரிசெய்துவிட்டு ஹாலுக்கு வந்தவன் கண்ணில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன கறுப்புப் பெட்டி பட்டது. நீல விளக்கு ஒன்று அதில் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னடா?" என்றான்.

அரவிந்தன் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி சிரித்தான். "அது ஒன்னுமில்லடா. நம்மளும் ஒரு நோட் போட்டு வச்சிருக்கோம்."

"எப்ப போட்ட?"

"ஆச்சு, கொஞ்ச நாளாச்சு."

காட்டு என்றான் பெஞ்சமின். அரவிந்தன் தயங்கித் தயங்கி லேப்டாப்பைத் திறந்தான். பெட்டி இப்போது உலகத்தில் எத்தனை பெட்டிகளோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று ஓர் எண் அதில் தெரியும். பெஞ்சமின் வீட்டில் அது எப்போதும் பத்து. முதல் நாளிலிருந்து இன்றுவரை பத்துக்குப் பத்து, நூற்றுக்கு நூறு வாங்கின மாதிரி. அரவிந்தனுடையதில் ஐம்பத்துமூன்று என்று இருந்தது.

"இது சில நேரம் கூடும், சில நேரம் குறையும்" என்றான் அரவிந்தன், மன்னிப்புக் கேட்பதுபோல. அவன் மனைவி ரஞ்சனி காபி கொண்டுவந்து கொடுத்தாள். பெஞ்சமின் அதை எப்படிக் குடித்தான், காவிரிப் பாலத்தை எப்படித் தாண்டினான் என்று அவனுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மேப்பைத் திறந்தான். திருச்சிராப்பள்ளி, ஒன்று. அப்பாடா என்றிருந்தது. அரவிந்தனின் பெட்டி எந்தக் காரணத்தாலோ கணக்கில் வரவில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு? இன்றைக்கு ஒன்று என்று இருப்பது நாளைக்கு இரண்டாகலாம். சரியாக மேடையில் திறக்கும்போது இரண்டு என்று காட்டினால்? 'ஒரே' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறதே என்று எவனாவது கேட்பான். அரவிந்தன் எழுந்து, அந்தப் பாழாய்ப்போன அடக்கத்தோடு, அது என்னுடையதுதான் என்பான். பொன்னாடையை இவனுக்குப் போடுவதா அவனுக்குப் போடுவதா என்று சுடலைமுத்து முழிப்பார். கடைசியில் அவனுக்குத்தான் போடுவார்.

அந்த ஐம்பத்துமூன்று வேறு உறங்கவிடவில்லை. பெஞ்சமின் மெமரியைக் கூட்டினான். டிஸ்க்கை மாற்றினான். நெட் கம்பெனிக்காரனிடம் சண்டை போட்டு வேகத்தை ஏற்றினான். அத்தனைக்கும் பெட்டி அசைந்து கொடுக்கவில்லை. பத்து என்றால் பத்துதான். இவன் வீட்டுப் பெட்டியோடு பேச உலகத்தில் பத்துப் பேர், அவன் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் என்ன அப்படி ஒரு மவுசு? பெட்டிகூட அரவிந்தனிடம் போனால் முதல் மார்க் வாங்குகிறதே என்று புழுங்கினான். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "ஸ்ரீரங்கத்துக்குப் போயிட்டு வந்ததிலேர்ந்து உங்க மூஞ்சியே சரியில்ல. அரவிந்தண்ணே இப்ப என்ன வாங்கினாரு?" என்றாள் பெலிண்டா. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குச் சொல்லியா தெரியவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் அந்த அறிவிப்பு வந்தது. எல்லாப் பகுதிக்கும் முறைபோட்டு வரும் மின்நிறுத்த அறிவிப்புதான். இன்வர்ட்டர் கடைக்காரன் மற்றச் செய்திகளைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுவான். பராமரிப்புப் பணி காரணமாக வரும் சனிக்கிழமை காலை முதல் மாலை வரை ஸ்ரீரங்கம் பகுதியில் மின்சாரம் இருக்காது என்று போட்டிருந்தது. அந்தச் சனிக்கிழமைதான் கூட்டம். பெஞ்சமின் பேப்பரை மடித்து வைத்தான், மறுபடி பிரித்தான்.

அரவிந்தன் வீட்டில் இன்வர்ட்டருக்கு வயரிங் செய்ததே அவன்தான். டிவிக்குப் பக்கத்து ஸ்விட்ச் போர்டில் இரண்டு பிளக் பாயிண்ட் உண்டு. ஒன்று இன்வர்ட்டர் லைன், இன்னொன்று சாதா லைன். கரண்ட் போனால் சாதா லைனில் மாட்டியது அணையும். ஒரே ஒரு பிளக், ஒரு சாண் தள்ளி. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம், அரவிந்தன் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனான்.

"வாங்கண்ணே. அவர் கடையில இருக்காரே" என்றாள் ரஞ்சனி.

"பரவால்லம்மா. அன்னிக்கு டெர்மினல் டைட் பண்ணாம போயிட்டேன். ரெண்டு நிமிஷ வேலை."

"நாளைக்கு ஃபுல்லா கரண்ட் இருக்காதாம்ல, நல்லவேளை வந்தீங்க. உக்காருங்க, காபி போட்டுட்டு வரேன்."

அவள் உள்ளே போனாள். பெஞ்சமின் போர்டுக்கு முன் குனிந்தான். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைச் சட்டென்று பிடுங்கினால் உள்ளே இருக்கும் கணக்கு குழம்பிப் போகலாம், பிறகு முதலிலிருந்து இறக்க வேண்டியும் வரலாம். இது அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தத் தெருவில் கிடையாது. தன் பெட்டியின் மேல் ஒரு தூசி விழப் பொறுக்காதவன், பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கி அடுத்த பாயிண்டில் செருகினான். பொத்தானை அழுத்தினான். நீல விளக்கு அணைந்து, யோசித்து, மறுபடி எரிந்தது. ரஞ்சனி கொண்டுவந்த காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. நன்றாயிருக்கிறதும்மா என்றான்.

சனிக்கிழமை தில்லைநகரில் ஒரு ஏசி ஹால். நரைத்தவர்களும் வழுக்கை விழுந்தவர்களுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் பெஞ்சமின் மேடையேறினான். மூன்றாவது வரிசையில் அரவிந்தன் உட்கார்ந்திருந்தான். நோட் என்றால் என்ன, ஏன் இது ஒரு சேவை என்று பெஞ்சமின் நன்றாகவே பேசினான். இரண்டு இடத்தில் சிரிக்கக்கூட வைத்தான். பிறகு, "இப்ப நம்ம ஊரைப் பாப்போம்" என்று சொல்லி மேப்பைத் திறந்தான்.

உலகம் வந்தது. இந்தியா வந்தது. தமிழ்நாடு பெரிதானது. சென்னை இருந்தது, கோயம்புத்தூர் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

பெஞ்சமின் பக்கத்தை மறுபடி திறந்தான். திருச்சிராப்பள்ளி என்ற பெயரே அதில் இல்லை. "நெட் ஸ்லோவா இருக்கு" என்று மைக்கில் சொல்லிவிட்டு மேடை ஓரத்துக்குப் போய், வாயைப் பொத்திக்கொண்டு பெலிண்டாவுக்குப் போன் போட்டான்.

"பெட்டி ஓடுதா பாரு."

"ஓடுதே. பச்சை லைட்டு எரியுது."

"ஸ்கிரீனைப் பாத்துச் சொல்லு. கனெக்‌ஷன் எத்தனை காட்டுது?"

"எப்பவும் போல பத்துதான். ஏங்க?"

அவன் பெட்டி ஓடுகிறது. நெட் இருக்கிறது. பத்துப் பேரோடு பேசுகிறது. ஆனாலும் திருச்சி இல்லை. கரண்ட் இல்லாமல் போனது ஸ்ரீரங்கத்தில். அணைந்தது அரவிந்தன் வீட்டுப் பெட்டி. பிளக்கை மாற்றிச் செருகிய கை இன்னும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பத்து என்பது என்னவென்று அந்த நிமிஷத்தில்தான் அவனுக்கு உறைத்தது. பெட்டி தானாகவே வெளியே போய்ப் பத்து வீட்டுக் கதவைத் தட்டும். அது எல்லாப் பெட்டியும் செய்வது. அதற்கு மேல் எண்ணிக்கை கூட வேண்டுமென்றால் வெளியிலிருந்து மற்றவர்கள் வந்து இந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பெஞ்சமினின் நெட் கம்பெனி அவன் தெருவையே ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தது. யாரும் அவன் வீட்டுக் கதவைத் தட்ட வழியே இல்லை. தட்டினால் திறக்கிற கதவுகளை மட்டும் எண்ணும் மேப்புக்கு அவன் இருப்பதே தெரியாது. முதல் நாளிலிருந்தே தெரியாது. அந்தப் புள்ளி ஸ்ரீரங்கத்துப் புள்ளி.

ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. "எங்கப்பா புள்ளி?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார். கீழே அரவிந்தன் காதில் போனை வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டே ஒருமுறை நிமிர்ந்து பெஞ்சமினைப் பார்த்தான். போனைப் பையில் போட்டான். எழுந்தான். பெஞ்சமின் மேடை மேஜையைப் பிடித்துக்கொண்டான். முடிந்தது, மானம் போகிறது என்று நினைத்தான்.

"மன்னார்புரம் பக்கம் காலையிலேர்ந்து நெட் கட்டுங்க" என்றான் அரவிந்தன் சத்தமாக. "இல்லன்னா இங்க பளிச்சுனு தெரியும். நானே எத்தனையோ தடவை பாத்திருக்கேன். ரெண்டு வருஷமா நம்ம ஊரு பேரு இதுல இருந்துச்சு. அதுக்காகவே பெஞ்சமினுக்குக் கைதட்டலாம்."

தட்டினார்கள். சுடலைமுத்து பொன்னாடையைப் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் பெஞ்சமின் பல் தெரியச் சிரித்திருக்கிறான். பார்த்தவர்கள் சந்தோஷத்தில் கண் கலங்கியிருக்கிறது என்று நினைத்தார்கள்.

பந்தியில் அரவிந்தன் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். இலையில் எல்லாம் வந்து விழுந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றான் பெஞ்சமின்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ டீக்கடைல வந்து சொன்ன அன்னிக்கே. என்னோடது அதுக்கு முன்னாடியே ஓடிட்டு இருந்துச்சு."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

அரவிந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ஒன்னாவது உன்னோடதா இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான்."

பெஞ்சமினுக்கு இலை மங்கலாகத் தெரிந்தது. அப்படியானால் இவனுக்கு எல்லாம் தெரியும். கேரம், மார்க், கார் என்று தான் ஒவ்வொரு முறையும் வெந்தது எல்லாம் தெரிந்து, இத்தனை காலமும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். பாவம் பார்த்திருக்கிறான். டீக்கடையில் முகம் மாறியது பொறாமையால் அல்ல, இரக்கத்தால். இரண்டு வருஷம் தான் தின்ற இனிப்பு அரவிந்தன் போட்ட பிச்சை.

சொல்லிவிட வேண்டும், பிளக்கை மாற்றியது நான்தான் என்று இங்கேயே இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். அந்த ஒன்றையாவது அவன் கையால் வாங்காமல் தானாகச் செய்துவிடலாம்.

"அரவிந்தா, நேத்து நான்..."

"ரஞ்சனி சொன்னா" என்றான் அரவிந்தன். மோர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான். "பிளக் தள்ளி இருக்குன்னு. விடுடா. சாப்ட்டு முடிச்சிட்டு உன் வீட்டுக்குப் போவோம். நெட் கம்பெனிக்காரன்கிட்ட தனி முகவரி வாங்கிட்டா உன்னோடதும் வெளிய தெரிஞ்சிரும். நான் எப்படிப் பண்ணேன்னு காட்டறேன்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பான். மேடையில் வைத்துக் கிழித்திருந்தாலும், இனி என் மூஞ்சியில் முழிக்காதே என்று எழுந்து போயிருந்தாலும், ஒருநாளாவது அரவிந்தனைவிடத் தான் தேவலை என்று நினைத்துக்கொள்ள இடம் இருந்திருக்கும். தோளில் கிடந்த பொன்னாடை குத்தியது. பெஞ்சமின் தலை குனிந்து, இலையில் இருந்ததை எடுத்து வாயில் போட்டு மென்றான். மனுஷனாக இருப்பதிலும் இவன்தானா முதல் என்று அவனுக்கு வயிறு எரிந்தது.